மஞ்சள் பைக்குப் போகவிருந்த நஞ்சுக்கொடி: புதுச்சேரித் திசு ஆய்வகம் ஒன்றில் என் அனுபவம்

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 33-ஆம் வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து, காய்ச்சலோடு பிரசவமாயிற்று. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். "பப்பாளி தின்றாயா, ஸ்கூட்டரில் போனாயா?" என்று சம்பந்தியம்மா கேட்டது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

நஞ்சுக்கொடியை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட இருந்தார்கள். பிரசவம் பார்த்த டாக்டரம்மா தடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய அகல வாய் டப்பாவில் இட்டு, முன்கூட்டியே பிரசவமானதற்குக் காரணம் தெரியப் புதுச்சேரி ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பினார். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று பஸ் நின்று நின்று போனது. நான் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தேன். பசு கன்று ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார் என் அப்பா, பால் வற்றாது என்று. மாட்டுக்குச் செய்த அந்த மரியாதையை நம் பெண்களுக்கு ஏன் செய்வதில்லை என்று அன்று உறைத்தது.

கட்டணம் 1,800 ரூபாய். ஒன்பது நாளில் அறிக்கை வந்தது; முழுக்க ஆங்கிலம். தமிழில் நான்கு வரியாவது எழுதித் தரக் கூடாதா? இது எனக்கு உண்மையான குறை. ஹோஃப்பாவர் அணுக்கள் என்று ஒரு பெயரைப் பார்த்துப் பதறிப்போனேன். அவை எல்லா நஞ்சுக்கொடியிலும் இருக்கும் குழந்தையின் சொந்தக் காவல் அணுக்கள்தாம் என்று அங்கிருந்த நோய்க்குறியியல் மருத்துவர் சொன்ன பிறகே மூச்சு வந்தது.

அவர் எனக்காக ஒதுக்கிய இருபது நிமிடத்துக்குத்தான் இந்த மதிப்புரையே. நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்புச் சவ்வில் ஊதாப் புள்ளிகள் மொய்த்திருந்தன. "இவை நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள், அம்மா. கீழிருந்து மேலேறிய கிருமியை எதிர்க்க உங்கள் மகளின் இரத்தத்திலிருந்து வந்தவை. பப்பாளிக்கும் ஸ்கூட்டருக்கும் இதில் பங்கில்லை" என்றார். அடுத்த ஸ்லைடில் தொப்புள்கொடியின் இரத்தநாளச் சுவருக்குள்ளும் அதே புள்ளிகள், கொஞ்சமாக. "இவை குழந்தையுடையவை. வயிற்றுக்குள்ளிருந்தே அவனும் எதிர்த்து நின்றிருக்கிறான்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தாயின் அழற்சியையும் சேயின் அழற்சியையும் தனித்தனியே படிநிலை போட்டு எழுதியிருந்தார். அதைப் பார்த்துத்தான் குழந்தை மருத்துவர் நோய்த்தொற்றுக் கண்காணிப்பை நீட்டித்தார். தாயின் நிணநீரணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் நஞ்சுக்கொடியின் விரல் போன்ற கிளைகளுக்குள் புகுந்து, கிருமி எதுவும் தென்படாமலே அழற்சி உண்டாக்கும் வகையும் உண்டாம். அது அடுத்த கர்ப்பத்திலும் திரும்பக்கூடும். அது இங்கே இல்லை என்றும் தெளிவாக எழுதியிருந்தார்.

நஞ்சுக்கொடியின் எடை 380 கிராம். நிறைமாதத்தில் அரைக் கிலோ அளவு இருக்குமாம்; 33 வாரத்துக்கு இது சரியே என்றார். மகளிடம் தொலைபேசியிலும் பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அன்றிரவுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

காத்திருக்கும் இடம் நெருக்கடி, நான்கே நாற்காலிகள். போகிறவர்கள் பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடியை எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள். உறைபெட்டியில் வைக்க விடாதீர்கள். டப்பாவின் மேல் தாயின் பெயரோடு கர்ப்ப வாரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் டப்பாவில் அது விட்டுப்போனதால் ஒரு நாள் வீணாயிற்று.