சுக்கான் மேல் பிரியும் ஓட்டத்தை எதைக் கொண்டு பிடிப்பது: பிளாஸ்மா, சிந்தெட்டிக் ஜெட், ஸ்வீப்பிங் ஜெட்

பயணிகள் விமானத்தின் செங்குத்து வால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதன் அன்றாடப் பயணம் அன்று. மேலெழும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், மற்ற எஞ்சினின் தள்ளுவிசை விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடாமல் சுக்கான், அதாவது வாலின் பின்பகுதியில் இடவலமாகத் திரும்பும் பலகை, தாங்க வேண்டும். அந்த அரிய நெருக்கடிக்காகவே இவ்வளவு பெரிய வால் ஒவ்வொரு பயணத்திலும் கூடவே வருகிறது. சுக்கானை மிகுதியாகத் திருப்பும்போது, அதன் கீலை ஒட்டி எல்லைப்படலம் (பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்று அடுக்கு) உந்தத்தை இழந்து பரப்பை விட்டுப் பிரிந்துவிடுவதால், அதற்குமேல் பக்கவிசை பெரிதாக உயர்வதில்லை. இந்தப் பிரிவைத் தள்ளிப்போட முடிந்தால் சிறிய வாலே போதும்.

எல்லைப்படலத்தை ஒரு பிளவின் வழியே உறிஞ்சினால் பிரிவு தள்ளிப்போகும் என்று ஜெர்மன் அறிவியலாளர் பிராண்டில் 1904-இலேயே காட்டினார். இறக்கைகளில் ஒட்டப்படும் சிறு தகடுகளான சுழல் உருவாக்கிகள் மலிவானவை, நம்பகமானவை. ஆனால் தேவையில்லாதபோது அவற்றை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே ஒப்பீடு, வேண்டியபோது இயக்கி வேண்டாதபோது நிறுத்தக்கூடிய மூன்று கருவிகளுக்கு இடையில்தான்: பிளாஸ்மா இயக்கி, சிந்தெட்டிக் ஜெட், ஸ்வீப்பிங் ஜெட்.

பிளாஸ்மா இயக்கி பார்ப்பதற்கு மிக எளிது. மெல்லிய மின்காப்புப் படலத்தின் இருபுறமும் செப்புத் தாள் ஒட்டி, சில கிலோவோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்தால், விளிம்பில் ஊதா ஒளி படர்கிறது, ஓசோன் நெடி எழுகிறது, பரப்பை ஒட்டிக் காற்று நகர்கிறது. அசையும் பாகம் இல்லை, குழாய் இல்லை, கட்டளைக்கு உடனே இணங்குகிறது. குறை அதன் வலிமையில் இருக்கிறது: வழக்கமான வகைகள் தூண்டும் காற்றின் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆய்வகத்தின் சிறு காற்றுச் சுரங்கத்தில் அது போதும். வினாடிக்கு 70 மீட்டர் அளவில் ஓடும் வால் மீது போதாது. மழையில் நனையும் பரப்பில் உயர் மின்னழுத்தத்தைக் காப்பது வேறொரு தலைவலி.

சிந்தெட்டிக் ஜெட்டில் ஒரு பீசோமின் தகடு (மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் தகடு) அதிர்ந்து, சிறு அறையிலுள்ள காற்றைத் துளை வழியே மாறி மாறி இழுத்துத் தள்ளுகிறது. நிகரமாகக் காற்று எதுவும் சேர்வதில்லை, உந்தம் மட்டும் சேர்கிறது. எனவே வெளியிலிருந்து காற்றுக் குழாய் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் தகடும் அறையும் ஒத்ததிரும் அதிர்வெண்ணை விட்டு விலகினால் அதன் வீச்சு சட்டெனக் குறைகிறது. ஓட்டம் விரும்பும் அதிர்வெண்ணோ வேறு: வேகம் வினாடிக்கு 60 மீட்டர், பிரிந்த பகுதியின் நீளம் 0.6 மீட்டர் என்றால், வேகத்தை நீளத்தால் வகுக்க, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் இணங்கவைப்பதிலேயே வடிவமைப்பாளரின் உழைப்பு பெரும்பகுதி போய்விடுகிறது.

ஸ்வீப்பிங் ஜெட்டுக்குள் அசைவது காற்று மட்டுமே. அழுத்தக் காற்று குறுகிய கழுத்து வழியே அறைக்குள் புகுந்து, கோவாண்டா விளைவால் (அருகிலுள்ள பரப்பில் ஒட்டி ஓடும் தாரையின் இயல்பால்) ஒரு சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன் ஒரு பகுதி பக்கவாட்டுக் கால்வாயில் திரும்பி வந்து கழுத்தருகே தள்ள, தாரை எதிர்ச்சுவருக்குத் தாவுகிறது. அங்கும் அதுவே நிகழ்கிறது. இப்படி இடமும் வலமும் வீசும் தாரை, நிலையான தாரையைவிட அகலமான பரப்பைத் தொடுகிறது.

நாசாவும் போயிங்கும் 2013-இல் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் முழு அளவு போயிங் 757 விமான வாலில் சோதித்தது இதைத்தான். பக்கவிசை 20 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. 2015-இல் 31 இயக்கிகள் பொருத்திய வாலுடன் 757 விமானமே பறந்தது. இந்த வேலைக்கு என் தேர்வும் ஸ்வீப்பிங் ஜெட்டே. ஆனால் அந்தக் காற்றுக்கு ஒரு விலை உண்டு: பறந்த விமானத்தில் அது துணை மின் அலகிலிருந்து (விமானத்தின் சிறிய துணை எஞ்சினிலிருந்து) சூடாக வந்ததால், வெப்பமாற்றி ஒன்றில் குளிரவைத்து, குழாய்கள் வழியே வாலுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. வாலைச் சுருக்கி மிச்சமாகும் எடையிலிருந்து அந்தக் கருவிகளின் எடையைக் கழித்த பிறகே உண்மையான ஆதாயம் தெரியும். அழுத்தக் காற்றே கிடைக்காத சிறிய ஆளில்லா விமானத்துக்கு என்றால், நான் சிந்தெட்டிக் ஜெட்டையே எடுப்பேன்.