மேன் பக்கமா, டிஎல்டிஆரா?

லினக்ஸ் கட்டளை ஒன்றைப் புரிந்துகொள்ள இரண்டு வழிகள் கைவசம் உண்டு: 1971 யூனிக்ஸ் கையேட்டிலிருந்து தொடரும் மேன் பக்கம் (கட்டளையின் முழு விளக்கக் கையேடு), 2013இல் தொடங்கிய டிஎல்டிஆர் (உதாரணங்களை மட்டும் சுருக்கமாகத் தரும் பக்கங்கள்).

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்பை, 'டார்' கட்டளையால் பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். டிஎல்டிஆரில் எட்டு உதாரணங்களுக்கு மேல் இருக்காது. வேண்டியதை எடுத்துக் கோப்புப் பெயரை மாற்றினால் போதும். சில கட்டளைகளுக்குத் தமிழிலும் பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறுபவர் இங்கிருந்து தொடங்கலாம். தனியாக நிறுவ வேண்டும், முதல்முறை இணையமும் வேண்டும், அவ்வளவுதான்.

பிழை வந்தால் கதை வேறு. கட்டளையோடு சேர்க்கும் '-எக்ஸ்விஎஃப்' (-xvf) என்ற எழுத்துகளை '-எக்ஸ்எஃப்வி' (-xfv) என்று மாற்றி அடித்தால், 'வி' என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று டார் கைவிரிக்கும். 'எஃப்' தனக்கு அடுத்து ஒட்டி வருவதைக் கோப்புப் பெயராக எடுத்துக்கொள்வதே காரணம். உதாரணம் சரியான வரிசையைக் காட்டும், ஏன் என்று சொல்லாது. மேன் பக்கம் 'எஃப்' ஒரு கோப்புப் பெயரைக் கேட்கும் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் சாய்கோடு (/) தட்டி '-எஃப்' என்று தேடுங்கள், அடுத்த இடத்துக்கு 'என்' (n) விசை, வெளியேற 'க்யூ' (q) விசை. (இந்த 'க்யூ' தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம்.)

மேன் பக்கத்தின் பெரிய குறை, உதாரணங்களைப் பெரும்பாலும் கடைசியில் தள்ளுவது. சொந்தக் கருவிக்கு எழுதுபவர்கள் அவற்றை, கட்டளையை எழுதும் வடிவத்தைக் காட்டும் தொடக்கச் சுருக்கத்துக்கு அடுத்தே வைக்கலாம், யாரும் தடுக்கவில்லை.