லீற்றர் கணக்கா, வருட மதிப்பெண்ணா, பேசி எழுதிய இலக்கா?

கிளிநொச்சிப் பக்கம் பால் சேகரிக்கும் சிறிய கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஊழியர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர்களின் வேலையை எதை வைத்து அளப்பது, போனசையும் சம்பள உயர்வையும் எதைப் பார்த்துக் கொடுப்பது என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுக்க வேண்டி வந்தது. பேச்சில் அடிபட்டவை மூன்று வழிகள். ஆளுக்கு மாதம் இத்தனை லீற்றர் என்ற கணக்கு, வருட முடிவில் மேலாளர் போடும் மதிப்பெண், ஊழியரோடு உட்கார்ந்து பேசி எழுதும் காலாண்டு இலக்கு. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். அரிசி ஆலையோ கடையோ சங்கமோ, வன்னியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் காரணத்தை எழுதுகிறேன்.

வருட மதிப்பெண்ணை முதலில் முடித்துவிடலாம். செலவில்லாத வழி, ஒரு பின்னேரத்தில் படிவங்களை நிரப்பிவிடலாம். ஆனால் மாசியில் ஒருவர் பாடுபட்டது மார்கழியில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைசி இரண்டு மாதம்தான் மதிப்பெண்ணாகிறது. அதோடு எங்கள் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், இல்லையென்றால் 2009இல் போர் முடிந்தபோது ஒரே முகாமில் இருந்தவர்கள். முகத்தைப் பார்த்து இரண்டு போட மனம் வராது, எல்லாருக்கும் நான்கு விழும். ‘ஈடுபாடு’ என்ற கட்டம் இன்னும் மோசம். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் ஒரு அக்கா பின்னேரக் கூட்டத்துக்கு நிற்காமல் பிள்ளைகளிடம் ஓடுவார். அவருடைய கணக்குக் கொப்பியில் ஒரு பிழை இருக்காது, ஆனால் ஈடுபாட்டில் மதிப்பெண் குறையும். மதிப்பெண் போட்டு ஊழியர்களை ஒருவருக்குக் கீழ் ஒருவராக வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசொப்ட் நிறுவனமே 2013இல் கைவிட்டுவிட்டது.

லீற்றர் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. அது முகம் பார்க்காது, சொந்தம் பார்க்காது. ஆனால் மலையகத்திலிருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்களைக் கேளுங்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட கதை அவர்களிடம் இருக்கும். வெயிலில் செடி துளிர்க்காததற்கும் பேர் அரைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அளவைக் குறியாக வைத்து ஆட்களை நெருக்கினால் அந்த அளவே கெட்டுப்போகும். பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன இந்தக் கருத்து இன்று வேலைத்தளங்களுக்கும் பொருத்திப் பேசப்படுகிறது. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் புதுக் கணக்குத் திறக்கச் சொல்லி நெருக்கியதில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் ஊழியர்கள் கணக்குத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டொலர் அபராதம் விழுந்தது, அதற்குள் 5,300 பேரளவில் வேலை இழந்திருந்தார்கள். பாலிலும் இதுதான் நடக்கும். லீற்றர் மட்டும்தான் கேள்வி என்றால் சேகரிக்கப் போகிற தம்பி, தண்ணீர் கலப்பைக் காட்டும் பால்மானியைப் பாலில் இறக்கவே யோசிப்பான். தண்ணீர் கலந்த பாலைத் திருப்பி அனுப்பினால் குறைவது அவனுடைய கணக்குத்தானே. புளிக்கத் தொடங்கிய ஒரு கான் பால் குளிரூட்டும் தாங்கிக்குள் போனால் மற்றப் பண்ணையாளர்களின் பாலும் சேர்ந்து கெடும்.

இதையெல்லாம் கடுமையான பரிசோதனை வைத்துச் சமாளிக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். சரி, சமாளிக்கலாம். ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. அளக்கப்படும் விசயம் அந்த ஊழியரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அது.

பால் சேகரிக்க வட்டக்கச்சிப் பாதையில் போகிறவரையும் பூநகரிப் பாதையில் போகிறவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக்கச்சிக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் உண்டு, வாய்க்கால் கரையில் பச்சைப் புல் கிடைக்கும். பூநகரியில் பெரும்பாலும் மானாவாரி. ஆடி, ஆவணியில் தரை காய்ந்து, தண்ணீரும் உவர்த்துப்போகும், பசு எங்கே பால் தரும்? மாரி மழையில் நெல் செய்யும் காலபோகத்தில் வேறு கதை. ஐப்பசியில் விதைப்புத் தொடங்கினால் மாடுகளை வயல் பக்கம் விட முடியாது. தூரத்தில் தரவை எனும் மேய்ச்சல் வெளிகளுக்கும் காட்டோரத்துக்கும் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள், அங்கே மோட்டார் சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு போக வழியே இருக்காது. தை, மாசியில் அறுவடை முடிந்து மாடுகள் வயலுக்குத் திரும்பியதும் லீற்றர் தானாக ஏறும். அப்போது பாராட்டு வாங்குகிறவர் என்ன செய்தார்? கார்த்திகையில் ஏச்சு வாங்கியவர் என்ன செய்யாமல் விட்டார்? இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு அதை நடுநிலை என்று சொல்ல என்னால் முடியாது.

கோடையில் குளத்துத் தண்ணீரில் நெல் செய்யும் சிறுபோகத்துக்கான கூட்டம் எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் பேசி முடிவெடுக்கிறார்கள். வேலை இலக்கையும் அப்படித்தான் வைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மேலாளரும் ஊழியரும் பேசி இலக்கு வைப்பதைப் பற்றி முகாமைத்துவ எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1954இலேயே எழுதிவிட்டார். இலக்கு தெளிவாகவும் அளக்கக்கூடியதாகவும் காலவரையோடும் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விடுகிறேன்.

நாங்கள் செய்வது இதுதான். ஒவ்வொருவரோடும் பேசி மூன்று நான்கு விசயங்களை எழுதுகிறோம். பால் நிலையத்துக்கு வந்துசேரும் நேரம், நிலையத்தில் சோதித்து நிராகரிக்கப்படும் பாலின் பங்கு, பண்ணையாளர் கொடுப்பனவுப் பட்டியலில் பிழைகள், பால் திடீரென்று குறைந்த வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டாரா என்பது. லீற்றரும் இருக்கிறது, ஆனால் அதே பாதையில் போன வருடம் அதே மாதம் வந்ததோடு மட்டும் ஒப்பிடுகிறோம். வட்டக்கச்சியைப் பூநகரியோடு ஒப்பிடுவதே இல்லை.

இந்த முறையைத் தாங்கி நிற்பது ஒவ்வொருவரிடமும் இருக்கும் கொப்பியின் கடைசி நிரல். திகதி, நேரம், லீற்றர், பால்மானி வாசிப்பு, திருப்பியது என்பவற்றுக்குப் பிறகு ‘காரணம்’ என்று ஒன்று. ‘வீதியில் வெள்ளம், சுற்றி வந்தது’, ‘மூன்று வீட்டு மாடு தரவைக்குப் போய்விட்டது’, ‘பசு கன்று போட்டது, சீம்பால்’ என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பேச உட்காரும்போது அவருடைய ஞாபகமும் என்னுடைய ஞாபகமும் மோதத் தேவையில்லை, கொப்பி நடுவில் இருக்கும். பொய்க் காரணம் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம்தான். ஆனால் வெள்ளம் வந்ததா இல்லையா என்று அதே வீதியால் வந்த மற்றவருக்குத் தெரியும், தரவைக்கு மாடு போனதைப் பண்ணையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குறை இல்லாத முறை இது என்று சொல்லவில்லை. மேலாளரின் நேரத்தைத் தின்னும். சின்னச் சங்கத்தில் முடிகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் ஒவ்வொருவரோடும் இப்படி உட்கார முடியுமா என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவருக்கு எழுதிய இலக்குகளில் எனக்கே இன்னும் திருப்தியில்லை, அவற்றில் பாதி வேலைப் பட்டியல் போலத்தான் இருக்கின்றன. நீண்ட வரட்சி ஒன்றையும் இந்த முறையோடு நாங்கள் கடக்கவில்லை. போனசில் ஒரு பங்கை மட்டுமே இலக்கோடு கட்டியிருக்கிறோம், மிச்சம் எல்லாருக்கும் சமம். அந்தப் பங்கைக் கூட்ட வேண்டும் என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள், நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு காலபோகமும் ஒரு கோடையும் போகும்வரை எந்த எண்ணையும் இலக்காக வைக்காமல், காரண நிரலை மட்டும் எழுதவிட்டுப் பாருங்கள். எந்தப் பாதையில் எதை எதிர்பார்க்கலாம் என்பது அந்தக் கொப்பியில் வந்துவிடும், பிறகு இலக்கைப் பேசலாம்.