மலை ஏறுவதற்கு முன் வண்டியைப் பார்த்துத் தரும் சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

வேலூரில் கார் சர்வீஸ் செய்ய இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, கழுவித் துடைத்து, சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குள் ஓட்ட அது போதும். முதுமலைக் காட்டு வழியாக ஊட்டி ஏறி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கப் போகிற வண்டிக்கு அது போதாது. அந்த வித்தியாசம் தெரிந்து வேலை செய்கிற ஓர் இடம் சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. தகரக் கொட்டகை, இரண்டு வண்டி நிறுத்த இடம், மெக்கானிக் பாய் ஒருவர், அவரிடம் வேலை கற்கும் இரண்டு பையன்கள். எங்கள் ஸ்விஃப்டை அங்கேதான் விட்டேன்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாய் கேட்டுவிட்டார்: “எந்த வழியா ஏறப் போறீங்கம்மா, எந்த வழியா இறங்கப் போறீங்க?” போனில் வழியைக் காட்டினேன். பெங்களூரு, மைசூரு, குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி, அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதையில் ஊட்டி. திரும்பும்போது குன்னூர், மேட்டுப்பாளையம், சேலம், கிருஷ்ணகிரி. வண்டியில் எத்தனை பேர், எவ்வளவு சாமான், ஏசி போட்டுக்கொண்டு ஏறுவீர்களா என்றெல்லாம் கேட்டார். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். வண்டி மெதுவாக நகரும், இன்ஜின் வேகமாகச் சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து வருகிற காற்று குறைந்துவிடும், ஃபேன் ஒன்றுதான் துணை. அதனால் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவத்தை முழுக்க வடித்து மாற்றினார், ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்று இன்ஜினை ஓடவிட்டு நின்று பார்த்தார். பழைய கூலன்ட்டில் யாரோ எப்போதோ வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். நிறமே போயிருந்தது.

இறக்கத்துக்கு வேறு கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்கிவிடுகிறோம். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அதில் உண்டாகிற சூடு பிரேக் ஆயிலுக்கும் போகிறது. அந்த ஆயில் நாளாக ஆகக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி போதும் என்ற அளவுக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. எங்கள் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றி, முன்பக்க பிரேக் பேட், பின்பக்க பிரேக் டிரம் இரண்டையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் எதை மாற்றலாம் என்றே பேசினார். மாற்றிய பழைய பாகங்களை அட்டைப் பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார். முன்பு போய்க்கொண்டிருந்த வேறோர் இடத்தில் மாற்றியதாகச் சொன்ன பாகம் எதையும் நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால் இந்த அட்டைப் பெட்டி எனக்குப் பெரிய விஷயம்.

டயர் விஷயத்தில் எனக்குப் பாடமே எடுத்தார். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற பக்கத்து வரிகள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊர் வெயிலில் வாசலிலேயே நிற்கிற வண்டிக்குப் பக்கவாட்டு ரப்பரில்தான் முதலில் வெடிப்பு விழும். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தைக் காட்டும். 2218 என்றால் 2018ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் ஸ்டெப்னி ஒரு தடவைகூட ரோட்டைத் தொடாதது, ஆனால் வயதில் எல்லாவற்றுக்கும் மூத்தது. அதையும் பின்பக்க டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார். அவர் டயர் விற்பதில்லை, அதில் அவருக்கு லாபமும் இல்லை. வெயிலில் காய்ந்துபோன வைப்பர் ரப்பரையும் மாற்றினோம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுத வைத்தது. “நேரா ஊட்டிக்குப் போயிடாதீங்கம்மா. ஞாயித்துக்கிழம ஏலகிரி ஏறி இறங்கிட்டு வாங்க.” ஏலகிரிக்கு 14 வளைவுகள், காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இறங்கி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் தொடாமல் கையை நீட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. திங்கட்கிழமை கொண்டுபோனேன். ஹேண்ட்பிரேக் கேபிள் அந்தப் பக்கம் இறுக்கமாக இருந்திருக்கிறது, டிரம் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சமதரையில் தெரிய வழியே இல்லை. சரிசெய்ததற்குக் காசு வாங்கவில்லை.

பயணம் எப்படி இருந்தது? மைசூரு தசரா கூட்டம் கலைந்த பிறகு, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் போய்வந்தோம். அந்த மழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும், நீலகிரியில் மண்சரிவும் அதோடு வரும். விடியுமுன்னே கிளம்பியதால் ஆம்பூரில் பிரியாணிக் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை, இட்லிப் பொட்டலம்தான். பந்திப்பூர், முதுமலை காட்டுப்பாதை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். பகலிலும் நடுவில் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. யானை கடக்கிற அந்த ரோட்டில் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கக்கநல்லா சோதனைச்சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது கட்டாயம், வீட்டிலிருந்தே போனில் எடுத்துவிடலாம், கட்டணம் இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். எங்களிடம் எவர்சில்வர் பாட்டில்தான்.

தென்மேற்கு மழை முடிந்த காடு கண்ணுக்கு அவ்வளவு பச்சை. புல் உயர்ந்து நிற்பதால் மிருகம் அதிகம் தெரியாது. ரோட்டோரம் மேய்ந்த புள்ளிமான் கூட்டத்திலேயே அப்பாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. கல்லட்டியில் ஏசியை அணைத்துவிட்டு ஏறினோம். டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையவில்லை. அந்த வழியில் வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்க விடுவதில்லை. எங்கள் திட்டமே குன்னூர் வழி இறக்கம் என்பதால் சிக்கல் இல்லை. இறங்கும்போது பாய் சொன்னபடி இரண்டாம் கியரிலேயே வந்தேன். நாலைந்து வளைவுகளில் புகை வாசனையோடு வண்டிகளை ஓரம் கட்டி நின்றிருந்தார்கள். பர்லியாறு தாண்டி நிறுத்திச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன், நாலும் ஒரே சூடு. அந்த நிமிஷம் பாய்க்கு ஒரு போன் போட்டு நன்றி சொன்னேன்.

குறையும் சொல்ல வேண்டும். உட்கார இடம் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் பையன்களின் டிபன் பாக்ஸ். பெண்கள் காத்திருக்க வசதியான இடமே இல்லை, வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் நல்லது. கேட்டால்தான் பில் எழுதித் தருவார், கட்டாயம் கேளுங்கள். பின்பக்க பிரேக்கின் டிரம் ஷூ சென்னையிலிருந்து வரவேண்டியிருந்ததால், சொன்ன தேதியைத் தாண்டித்தான் வண்டி கிடைத்தது. புது மாடல் வண்டிகளின் எலக்ட்ரானிக் கோளாறுக்கு இங்கே கருவி இல்லை, அதை அவரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

கூலி நியாயம். டயர் தவிர மற்றதெல்லாம் சேர்த்து, பெரிய ஷோரூமில் எனக்குச் சொன்ன எஸ்டிமேட்டில் பாதிக்கும் குறைவு. பூஜை விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் முன்பே வண்டியை விடுங்கள். பூஜை நெருங்கினால் ஊர் வண்டியெல்லாம் கழுவவும் சர்வீஸுக்கும் வரிசையில் நிற்கும், ஏலகிரி ஒத்திகைக்கும் நாள் இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடையை மூடிவிடுவார். காலை ஒன்பதரைக்குப் போனால் அவரிடமே நின்று பேசலாம்.