பல்லி கத்தும் கியூ: நாலரை வருஷம் கையில் வைத்திருந்தவன் சொல்வது

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, "டேய், நீ வச்சிருக்கிற அதே கியூதானே இது? மூவாயிரம் இறங்கியிருக்கு. பாப்பாவுக்கு வாங்கலாமா?" என்று கேட்டான். கியூ என்றால் ஸ்னூக்கர் பந்தை அடிக்கும் நீளக் கட்டை. 2025 நவம்பரில் தோஹாவில் நம்ம சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றதிலிருந்து அவன் மகளுக்கு வீட்டில் இதே பேச்சாம். "வாங்கு" என்று அடித்தேன், அழித்தேன். "வேண்டாம்" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். நாலரை வருஷம் புழங்கிய பொருளைப் பற்றி ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆஷ் மரம், 57 அங்குலம், முக்கால் நீளத்தில் பிரியும் ஜாயிண்ட், ஒன்பதரை மில்லிமீட்டர் டிப் (நுனியில் ஒட்டும் தோல்), 18 அவுன்ஸ். வாங்க நினைப்பவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். 2021 ஜூலையில் பெட்டியோடு சேர்த்து 14,500 ரூபாய் கொடுத்தேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. திட்டிவிட்டுப் பெயரும் சொன்னால் நியாயமாக இருக்காது.

வாங்கிய இரண்டாவது வாரம் அது ஆரம்பித்தது. பந்தைத் தூரத்துப் பாக்கெட்டில் விழவைக்கும் நீளமான பாட் ஒன்றை ஓங்கி அடித்தேன். பந்து கிளம்பிய பிறகு, கைக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். காதில் கேட்பதற்கு முன்னால் பின்கை விரலில் தெரியும். நெட்டி முறித்தது போல இருக்கும். மெதுவாக அடித்தால் வராது. கொஞ்சம் வேகம் கூட்டினால் உடனே ஆஜர். விற்ற கடைக்குப் போனேன். "மரம் செட் ஆகும் சார், ஆறு மாசம் பொறுங்க" என்றார்கள். ஆறு மாதமும் பொறுத்தேன். மரம் செட் ஆனதோ இல்லையோ, சத்தம் நன்றாகவே செட் ஆகிவிட்டது.

ஜாயிண்ட்தான் தளர்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டாகப் பிரியும் கியூ, பித்தளைத் திருகு. வேறு எங்கிருந்து சத்தம் வரும்? ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஆட்டத்துக்கும், நடுவில் இறுக்குவேன். முக்கியமான அடிக்கு முன்னால் இன்னொரு தடவை இறுக்குவேன். கிளப்பில் பாயிண்ட் குறிக்கும் மார்க்கர் அண்ணன் மெழுகுவத்தியை எடுத்துத் திருகில் தேய்த்துக் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அல்லது நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் திரும்பவும் டிக். எங்கள் கிளப்பில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருக்கிறார், எழுபதை நெருங்குகிறார். அவர்தான் அதற்குப் பெயர் வைத்தார். "தம்பி, உன் பல்லி கத்துதுப்பா. எந்தத் திசைன்னு பார்த்து அடி."

அன்றிலிருந்து நான் ஓங்கி அடிப்பதையே விட்டுவிட்டேன். தத்துவம் எதுவும் இல்லை, வெட்கம்தான். பல்லி கத்தினால் பக்கத்து டேபிளிலிருந்தும் சிரிப்பு வரும்.

ஓங்கி அடிக்காதவன் ஸ்னூக்கரில் என்ன செய்ய முடியும்? சேஃப்டி ஆடலாம், அதாவது எதிராளிக்குச் சுலபமான அடி கிடைக்காதபடி பந்தை நிறுத்தலாம். அதுவரை எனக்கு சேஃப்டி என்றால் வேறு வழியில்லாதவன் செய்கிற வேலை. 38 வயதில் கியூ பிடித்தவன் நான். டிவியில் பார்த்த பெரிய பிரேக்குகள்தான், அதாவது விடாமல் தொடர்ந்து எடுக்கும் பாயிண்டுகள்தான், ஆட்டம் என்று நினைத்திருந்தேன். என்னுடைய அதிகபட்ச பிரேக் வெகுகாலம் 31. இந்த லட்சணத்தில் பாட் மட்டும் போட்டு ஜெயிக்கலாம் என்றும் ஆசை.

மார்க்கர் அண்ணன் ஒரே ஒரு அடியைச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளை பந்து இந்தப் பக்கம், மேசையின் கீழ் முனையில் வரைந்திருக்கும் பாக் கோட்டருகில். சிவப்புக் கூட்டத்தின் வலது ஓரத்துப் பந்தை, அதன் விளிம்பு மட்டும் படும்படி சீவ வேண்டும். வெள்ளை மேல் குஷனில் (மேசை விளிம்பின் ரப்பரில்) பட்டு, பக்கக் குஷனில் பட்டு, பன்னிரண்டடி மேசையை முழுதாகக் கடந்து திரும்பி வர வேண்டும். வந்து கீழ்க் குஷனை ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் எதிராளிக்குப் பந்தின் தலை மட்டும்தான் தெரியும். கியூவைத் தூக்கிப் பிடித்துத்தான் அடிக்க முடியும், துல்லியம் போய்விடும். கொஞ்சம் தடிமனாகப் பட்டால் கூட்டம் உடைந்து அவருக்கு விருந்து. ரொம்ப மெல்லியதாகப் போய்ப் படாமலே விட்டால் நாலு பாயிண்ட் தண்டம்.

சனிக்கிழமை காலையில் டேபிள் வாடகை குறைவு. தனியாகப் போய் இந்த ஒரு அடியை ஐம்பது தடவை அடிப்பேன். கீழ்க் குஷனிலிருந்து ஒரு சாணுக்குள் வெள்ளை நின்றால் ஒரு மார்க். முதல் சனிக்கிழமை 11. ஒரு வருஷம் கழித்து 30-ஐத் தொட்டேன். இதில் கியூவின் பங்கை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெதுவான அடியில் இந்தக் கட்டை சொல்கிறபடி கேட்கும். பந்தைத் தொட்ட அளவு விரலில் அப்படியே தெரியும், அரைக்கால் பங்கு பட்டதா கால் பங்கு பட்டதா என்று கண்ணால் பார்க்கவே வேண்டாம். ஆஷ் மரத்தின் அம்புக்குறி ரேகைகள் மேலே வரும்படி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடித்தால், நாலரை வருஷத்தில் ஒரு நாளும் அடி மாறிப் போனதில்லை. சென்னை வெயிலுக்கும் வளையவில்லை. மேசையில் உருட்டிப் பார்த்தால் இன்றைக்கும் நேராக ஓடுகிறது.

ஐப்பசி மழையில் மட்டும் என் கணக்கு எல்லாம் கவிழும். ஏசி இரண்டு மணி நேரம் நின்றால் போதும், துணி ஈரம் குடித்துக் கனத்துவிடும். திரும்பி வர வேண்டிய வெள்ளை பாதி வழியில், நீலப் பந்துக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கி நிற்கும். இந்த ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி கையில் பிறந்து, விதிகள் நம்ம ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டது. ஊட்டிக் குளிரில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு எங்கள் ஐப்பசி எங்கே தெரியப்போகிறது? அப்புறம், ஸ்னூக்கர் என்பதே அந்தக் காலத்து ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கத்துக்குட்டிக்கு வைத்த கேலிப்பெயர். எனக்குப் பொருத்தமான ஆட்டம்தான்.

ரயில்வே சாரை முதன்முதலாக ஜெயித்த ஃபிரேம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மேசையில் பிங்க், கருப்பு, இரண்டே பந்து. மொத்தம் 13 பாயிண்ட் மிச்சம், நான் 16 பின்தங்கி இருக்கிறேன். இரண்டையும் போட்டாலும் தோல்விதான். அவர் கியூ நுனியில் தேய்க்கும் சாக்கைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கை கொடுக்கவே வந்துவிட்டார். "ஒரு அடி அடிச்சுக்கிறேன் சார்" என்றேன். பிங்க்கை லேசாகத் தட்டி மேலே அனுப்பி, பிங்க்கை நேராக அடிக்க முடியாதபடி வெள்ளையைக் கருப்புக்குப் பின்னால் படுக்கவைத்தேன். அவ்வளவு மெதுவான அடி. பல்லி வாயே திறக்கவில்லை. அவர் குஷன் வழியாகச் சுற்றி முயன்றார், ஒரு நூலிழையில் பிங்க் தப்பியது. தண்டமாக ஆறு எனக்கு. பின்தங்கல் பத்தாகக் குறைந்தது. பிங்க் நடுப் பாக்கெட் வாசலிலேயே நின்றது; போட்டேன், பின்தங்கல் நாலு. கருப்பும் விழுந்தது. மூன்று பாயிண்டில் ஜெயித்தேன். அவர் என் கியூவை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பல்லி உனக்குத்தான் பலன் சொல்லிட்டு இருந்திருக்கு தம்பி, நாந்தான் புரிஞ்சுக்கல" என்றார்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேல்பூச்சு வேர்வைக்கு ஒட்டும். மே மாதத்தில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால்தான் விரலுக்கு நடுவில் ஓடும். பெட்டியின் ஜிப் ஒரே வருஷத்தில் போய்விட்டது. சாக் வைக்கக் கொடுத்திருக்கும் பையில் சாக் நிற்காது.

இப்போது ரிப்பேர் கதை. போன மாதம் டிப் தேய்ந்து ஓரமெல்லாம் காளான் மாதிரி விரிந்துவிட்டது. பெரியமேடு பக்கம் ஒரு பெரியவர் டிப் போடுவார் என்று மார்க்கர் அண்ணன் அனுப்பினார். பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, கியூவைக் கையில் தட்டினார். டிக். "இது எத்தனை நாளா?" என்றார். "நாலரை வருஷமா, ஜாயிண்ட் லூஸு" என்றேன். அவர் கியூவை இரண்டாகக் கழற்றி, முன்பாதியைத் தனியாகத் தட்டினார். சத்தமில்லை. அடிக்கட்டையைத் தனியாகத் தட்டினார். டிக்.

நாலரை வருஷத்தில் நான் ஒரு தடவை கூடச் செய்யாத காரியம் அது. முழுக் கியூவையும் ஆயிரம் முறை இறுக்கியிருக்கிறேன், தனியாகக் கழற்றித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றவில்லை. அடியில், நீட்டிப்புக் கட்டை மாட்டுவதற்கு ஒரு பித்தளைக் குழல் பதித்திருப்பார்கள். அதன் பசை விட்டுப்போயிருந்தது. "ஜாயிண்ட் தங்கம் மாதிரி இருக்கு தம்பி. அதைப் போய்த் திட்டிட்டு இருந்தீங்களா?" என்று சிரித்தார். பசைக்கு 250, டிப்புக்கு 400. ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் கொடுத்தார். ஆறு மாசம் பொறுக்கச் சொன்ன கடைக்காரர் அன்றைக்கே அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்தான்.

இப்போது சத்தமே இல்லை. ஓங்கி அடித்தால் கல் மாதிரி நிற்கிறது. புது டிப் பதமாக நாலு நாள் ஆனது. அப்புறம் ஸ்க்ரூ, அதாவது பின்சுழற்சி, போட்டால் வெள்ளை இழுத்துக்கொண்டு வருகிற அழகைப் பார்க்க வேண்டுமே! இரண்டாவது வாரத்திலேயே 47 அடித்தேன், என் வாழ்நாள் பிரேக். இந்த விலைக்கு இப்படி ஒரு கட்டை கிடைக்காது. இதை மனசாரச் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது வாரத்திலேயே ரயில்வே சாரிடம் ஆறு ஃபிரேமில் ஐந்து தோற்றேன். கிடைத்த பந்தையெல்லாம் ஓங்கி அடிக்கிறேன். கூட்டத்தை உடைத்து அவருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிறேன். நேற்று காலை பழைய ஐம்பதை அடித்துப் பார்த்தேன். 17. "பல்லியை விரட்டினியே, பலனும் போச்சு பார்" என்கிறார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் நண்பனுக்கு "வாங்காதே" என்று அனுப்பினேன். பாப்பா முதலில் ஆறு மாசம் கிளப் கட்டையிலேயே ஆடட்டும், அவள் உயரத்துக்கு 18 அவுன்ஸும் கனம் என்று காரணமும் எழுதினேன். காரணம் சரியானதுதான், ஆனால் அதற்காக எழுதவில்லை. உடனே பதில் வந்தது: "அப்ப கியூ நல்லா இல்லையா?" "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "அப்ப உன்னோடதை எனக்குக் கொடுத்துடு, பத்தாயிரம் தர்றேன்" என்றான். அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அடிக்கட்டையை மட்டும் கழற்றிக் காதோரம் வைத்து இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.