டாட் காமா, டாட் ஐஓவா?

உங்கள் இணையதளத்துக்குச் சின்னதா, அழகா ஒரு பெயர் டாட் ஐஓவில் கிடைக்கிறது, டாட் காமில் அது எப்போதோ போய்விட்டது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். டாட் ஐஓ போல இரண்டெழுத்தில் முடியும் முகவரிக் குறியீடு ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ நாடுகளின் ஒன்றியத்துக்கோ உரியது, அங்கே அரசியல் மாறினால் உங்கள் தளமும் ஆட்டம் காணும்.

டாட் ஐஓ, சாகோஸ் தீவுகளை உள்ளடக்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. யூகோஸ்லாவியா உடைந்தபின் அதன் டாட் ஒய்யூ 2010இல் அடியோடு நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனில் இருந்தவர்கள் பலர் அந்த ஒன்றியத்தின் டாட் ஈயூ முகவரியை வைத்திருக்கும் தகுதியையே இழந்தார்கள், அவர்கள் செய்த தப்பு என்று எதுவுமே இல்லை. தளம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை, அந்த முகவரியில் இருக்கும் மின்னஞ்சலும் சேர்ந்து போகும், அப்புறம் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகூட உங்களுக்கு வந்து சேராது.

டாட் காமுக்கும் ஆபத்து உண்டு. அதை நடத்துவது அமெரிக்க நிறுவனமான வெரிசைன், அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டால் முகவரி பறிபோகும். ஆனால் இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தம் அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது, விலையை நினைத்தபடி ஏற்ற முடியாது, பத்து வருடத்துக்கு முன்கூட்டியே புதுப்பிக்கலாம்.

சொந்த நாட்டின் குறியீடு என்றால் சரி, அந்த நாட்டுச் சட்டம் எப்படியும் உங்களுக்குப் பொருந்தும். அடுத்த நாட்டுக் குறியீட்டை விளையாட்டாகச் செய்துபார்க்கும் திட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிழைப்பு நடக்கும் தளத்துக்குக் கொஞ்சம் நீளமான டாட் காம் பெயரே போதும்.