கிரேக்கச் செருப்பு: கடையில் வாங்குவதா, கையால் தைப்பதா?

பழங்கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்வாசியாக வேடம் கட்டுபவருக்குச் சுலபமாகக் கிடைப்பது அந்நகரின் மொனாஸ்திராக்கி கடைவீதிச் செருப்புதான். வார் அமைப்பு அழகாகவே இருக்கும். ஆனால் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். ரப்பர் அடியும் பசை ஒட்டும் இருந்தால் காலத்துக்கு ஒட்டாது. வாரின் வெட்டு விளிம்பில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோமிய உப்பில் பதனிட்ட தோல், 19ஆம் நூற்றாண்டுச் சங்கதி. பின்வரிசையில் நிற்க இது போதும்.

தைப்பதில் வேலை அதிகம். மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலின்மேல் எழுந்து நின்று பாதத்தை வரைய வேண்டும்; உட்கார்ந்து வரைந்தால் பாதம் விரியாது, செருப்பு சின்னதாகிவிடும். அப்புறம் அடித்தோல் அடுக்குகளுக்கு நடுவே வார்களைச் செருகி மெழுகு நூலால் தையல். ஆணி அடிக்கலாமா? தாராளமாக. ஏதென்ஸின் பழைய சந்தைச் சதுக்கமான அகோராவின் ஓரத்தில், சிமோன் என்ற செருப்புத் தொழிலாளியுடையதாகக் கருதப்படும் வீட்டில் இரும்பு ஆணிகளும் எலும்பு வளையங்களும் கிடைத்திருக்கின்றன. பளிங்குத் தரையில் மட்டும் வழுக்கும், கவனம்.

என் ஓட்டு தைத்த செருப்புக்கே. நேரமில்லையா, வெறுங்காலோடு வாருங்கள். கிரேக்கக் குவளை ஓவியங்களில் போர்வீரர்கள்கூடப் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறார்கள்.